கம்பியற்ற காதொலிப்பானும் கருத்துள்ள செவியும்

கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. உறங்கும்போதும் திறந்து கிடக்கும் வாயில் அஃது. அவ்வாயிலினுள் எதனைப் புகவிடுவது, எவ்வளவு புகவிடுவது என்னும் பொறுப்பு முழுவதும் மாந்தனுடைய அறிவையே சார்ந்தது. முன்னாளில் இப்பொறுப்பு அத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. இசை கேட்க விழைந்தவன் இசைவாணர் இருந்த இடம் தேடிச் சென்றான், கேட்டான், மகிழ்ந்து மீண்டான். இற்றை நாளிலோ இசை செவித்துளையின் உள்ளேயே குடிபுகுந்துவிட்டது. பள்ளி மாணவன் முதல் பணி ஓய்வு பெற்ற முதியவர் வரை, பேருந்திலும் தொடர்வண்டியிலும் தெருவிலும், காதிற் கருவியின்றிச் செல்வாரைக் காண்பது அரிதாகி வருகின்றது. கடைத்தெருவில் 'எட்போன்' என்றும் 'இயர்பட்சு' என்றும் வழங்கும் அக்கருவியை ஈண்டுக் காதொலிப்பான் எனக் குறிக்கலாம். அவற்றுள்ளும் கம்பியற்றவையே இன்று மிகுதியாக விலைபோகின்றன.

கடைக்குச் செல்லும் இளைஞன் ஒருவனைக் கருதுக. அவன் முன் பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றின் மேல் '40 மணி நேரம்' என்றும், ஒன்றின் மேல் '40,000 எர்ட்சு' என்றும், மற்றொன்றின் மேல் 'உயர்தெளிவு ஒலி' என்றும் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் எண்களை ஒப்பிடுகின்றான். பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுக்கின்றான். வீடு வந்து சேர்கின்றான். காதிலிட்டுக் கேட்டாயா என்று வினவினால், இல்லை என்பதே விடை. செருப்பு வாங்குவோன் அதனைக் காலிலிட்டு நாலடி நடந்து பாராமல் வாங்குவதில்லை. காலுக்குத் தரும் மதிப்பைக் காதுக்குத் தரலாகாதா?

இதிற் பிழைபட்டால் விளையும் கேடு இரண்டு. தவறான கருவியைத் தேர்ந்தால் பொருள் போகும். நல்ல கருவியையே தவறாகப் பயன்படுத்தினால் செவி போகும். முன்னது பொருளிழப்பு, பின்னது பொறியிழப்பு. பொருளை மீண்டும் ஈட்டலாம். பொறியை மீட்டல் அரிது. ஆகலின் தேர்வும் பயன்பாடும் ஆகிய இரண்டையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டற்பாலது.

கருவி வந்த வழி

காதொலிப்பான் நேற்றுப் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்டுவின் என்பார் 1910-ஆம் ஆண்டளவில் தம் வீட்டு அடுக்களையிலேயே காதொலிப்பான்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். இரு செவிக்கும் வெவ்வேறு ஒலி தந்து இசை கேட்பதற்கெனவே அமைந்த காதொலிப்பானை 1958-இல் மில்வாக்கி நகரத்துச் சான் காசு என்பார் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1979-இல் சப்பானியச் சோனி நிறுவனம் வெளியிட்ட 'வாக்மேன்' இசையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் கம்பி செருகும் துளையையே நீக்கிற்று. அதன்பின் பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. ஆகவே கம்பியற்ற கருவியைப் பலர் விரும்பி ஏற்றனர் என்பதினும், துளை இன்மையால் ஏற்க நேர்ந்தது என்பதே பொருத்தம்.

கம்பிக்கு மாற்றாக வந்தது 'புளூடூத்து' என்னும் வானலை முறை. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தார் 1994-இல் இதற்கான பணியைத் தொடங்கினர். 10-ஆம் நூற்றாண்டில் தென்மார்க்கை ஆண்ட ஆரல்டு என்னும் அரசனுக்கு 'நீலப்பல்லன்' என்பது பட்டப்பெயர். பிரிந்து கிடந்த மக்களை அவன் ஒன்றிணைத்தது போலப் பிரிந்து கிடந்த கருவிகளை இது இணைக்கும் என்னும் கருத்தில் 1997-இல் அப்பெயர் முன்மொழியப்பட்டது. அவன் பெயரின் முதலெழுத்துகளைப் பண்டை வடபுல எழுத்து வடிவில் பிணைத்ததே கைப்பேசியிற் காணும் அச்சின்னம்.

ஏரியும் மடையும்

கம்பியற்ற முறையில் ஒலி எவ்வாறு செவியை அடைகின்றது என்பதை உழவர் எளிதில் உணர்வர். ஏரியில் நீர் நிறைந்திருக்கலாம், மதகு பெரிதாயிருக்கலாம், வாய்க்கால் அகன்றிருக்கலாம். இடையில் ஒரு மடை ஒடுங்கியிருக்குமாயின் வயலுக்குச் சேர்வது அம்மடை விடும் நீரே. ஒலிக்கும் இதுவே நெறி. பதிவு செய்த இசை ஏரி, கைப்பேசி மதகு, வானலை வாய்க்கால், காதொலிப்பான் மடை, செவி வயல்.

1982-இல் வெளிவந்த குறுவட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 கூறுகளாக, ஒவ்வொரு கூறும் 16 இருமக் குறிகளாக, இரு செவிக்கும் தனித்தனியே பதியப்படும். பெருக்கிக் காண்க: நொடிக்கு 14,11,200 குறிகள். இவ்வளவும் புளூடூத்தின் வழியே தடையின்றிச் செல்லுதல் எளிதன்று. ஆகவே கைப்பேசி அவ்வொலியைச் சுருக்கி அனுப்புகின்றது; காதொலிப்பான் அதனை விரித்து ஒலிக்கின்றது. இதற்குரிய சுருக்குமுறைகள் பல. எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக உள்ளது 'எசு.பி.சி.' என்பது. இஃது உயர்நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 3,28,000 குறிகளை அனுப்பும். அஃதாவது குறுவட்டின் அளவில் நான்கில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. ஆப்பிள் கைப்பேசிகள் பயன்படுத்துவது 'ஏ.ஏ.சி.' என்னும் முறை. சோனி நிறுவனம் 2015-இல் கொணர்ந்த 'எல்டாக்' என்பது 3,30,000, 6,60,000, 9,90,000 என மூன்று நிலைகளில் இயங்கும். இழப்பே இன்றி அனுப்ப வல்ல இணைகள் மிகச் சிலவே.

ஈண்டு அறியவேண்டுவன இரண்டு. ஒன்று: சுருக்குமுறை இரு முனையிலும் இருத்தல் வேண்டும். காதொலிப்பானில் எல்டாக் இருந்து கைப்பேசியில் இல்லையாயின், இரண்டும் தமக்குப் பொதுவான தாழ்ந்த முறைக்கே இறங்கி வரும். ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போன் எல்டாக்கிற்கெனக் கூடுதல் விலை கொடுப்பது, மாடில்லாதவன் நுகத்தடி வாங்குவது போன்றது. மற்றொன்று: குறிகளின் எண்ணிக்கை குறைவதால் ஒலி அந்த அளவிற்குக் கெட்டுவிடுவதில்லை. செவி உணர மாட்டாத பகுதிகளை ஆராய்ந்து நீக்குவதே இம்முறைகளின் நுட்பம். நன்கு அமைந்த ஏ.ஏ.சி. முறைக்கும் குறுவட்டுக்கும் வேற்றுமை காண்பது பயின்ற செவிக்கும் கடினமே. 2021-இல் இழப்பற்ற இசையைத் தன் சேவையில் அளிக்கத் தொடங்கிய ஆப்பிள் நிறுவனம், தன் கம்பியற்ற கருவிகள் அதனை அவ்வாறே ஒலிக்கமாட்டா என்று தானே ஒப்புக்கொண்டது. எனினும் கேட்போர் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை.

ஆகவே, சுருக்குமுறையின் பெயரைக் கண்டு மயங்குவோர் மடையை விடுத்து வாய்க்காலை அளப்போரே ஆவர். உண்மையில் ஒடுங்கிய மடை வேறிடத்தில் உள்ளது.

பொருந்தாத கருவி

அஃது எங்குள்ளது? கருவிக்கும் காதுக்கும் இடையில் உள்ளது. செவித்துளையுள் இடும் சிறு கருவி துளையை இடைவெளியின்றி அடைத்தல் வேண்டும். மயிரிழை அளவு இடைவெளி இருப்பினும் தாழ்ந்த அதிர்வுகள் அதன் வழியே கசிந்தொழியும். தவிலின் முழக்கமும் வீணையின் மந்த நரம்பும் மெலிந்து, எஞ்சியது தகரத்தில் தட்டியது போன்ற ஒலியாகும். கேட்பவனோ கருவியைப் பழிப்பான். குற்றம் கருவியினதன்று, இடைவெளியினது.

இதனை ஆராய எளிய வழி உண்டு. இசை ஒலிக்கும்போது கருவியை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துக. அப்பொழுது தாழ்ந்த ஒலி திடுமென மிகுமாயின், அதுவரை அடைப்புச் செம்மையாக இல்லை என்பது பொருள். பெட்டியினுள் மூன்று அளவில் மெத்துமுனைகள் இருக்கும். பலர் முதலில் பூட்டியிருப்பதையே இறுதிவரை பயன்படுத்துவர். மூன்றனையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். ஒருவனுக்கே வலக்காதும் இடக்காதும் ஒத்த அளவினவாக இருத்தல் உறுதியன்று; வலத்திற்கு ஓர் அளவும் இடத்திற்கு வேறோர் அளவும் பொருந்துமாயின் அவ்வாறே இடுக. காதை முழுதும் மூடும் பெரிய கருவிகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு அதன் காம்பு மெத்தையைத் தூக்கி நிற்கும். ஆங்கும் ஒலி கசியும். அத்தகையோர் தடித்து மெத்தென்ற பஞ்சணை உடையதைத் தேர்க.

எடையும் கருதத்தக்கது. கடையில் இரண்டு மணித்துளி கேட்கையில் தோன்றாத நோவு, வீட்டில் அரை மணி நேரம் கேட்கையில் தோன்றும். நோவு தரும் கருவியைக் கழற்றி வைப்பரேயன்றி அதன் இசையின் உயர்வை யாரும் எண்ணிப் பாரார்.

விலையும் தரமும்

விலை உயர உயரத் தரம் உயரும் என்பது உலக வழக்கிற் பரவிய நம்பிக்கை. காதொலிப்பானில் இந்நம்பிக்கை பொய்க்கின்றது. யெரூன் பிரேபார்ட்டு என்னும் ஆய்வாளர் 283 காதொலிப்பான்களை அளந்து, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஒலிக்கின்றது என்னும் அவற்றின் இயல்புக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்பதை 2017-இல் வெளியிட்டார். இவ்வியல்பே கேட்கும் தரத்தைப் பெரிதும் முடிவு செய்வது. கூடுதல் விலையில் உறுதியான உடலும் நீடித்த மின்கலமும் திறமான இரைச்சல் நீக்கமும் கிடைக்கலாம். அவை வேண்டுவோர் வாங்குக. விலையே ஒலியின் தரம் என்று எண்ணி வாங்குதல் வேண்டா.

பெட்டியின் மேலுள்ள 40,000 எர்ட்சு என்பதும் அத்தகையதே. இளஞ்செவி கேட்கும் எல்லை நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை. அகவை ஏற ஏற மேலெல்லை தாழ்ந்துகொண்டே வரும். கேளாத ஒலிக்குக் கொடுக்கும் விலை யாருக்குப் பயன்? வணிகனுக்கே பயன்.

எதனைக் கொண்டு ஆராய்வது?

இரண்டு கருவிகளை ஒப்பிடுவோன் முதலில் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தல் வேண்டும். செவியின் இயல்பு வியப்பானது. சற்று உரத்து ஒலிப்பதையே அது நல்லதெனக் கொள்ளும். விற்போர் இதனை நன்கறிவர். ஆதலால் உரப்பை ஒப்பாக்காத ஒப்பீடு ஒப்பீடன்று. பின்னர், பலகால் கேட்டுப் பழகிய ஒரே பாடலை இரண்டிலும் கேட்க. புதிய பாடல் பாடலைப் பற்றிக் கூறுமேயன்றிக் கருவியைப் பற்றிக் கூறாது.

இசைக்கு முன் பேச்சைக் கேட்பது நன்று. மாந்தக் குரலைப் போலச் செவி நன்கறிந்த ஒலி வேறில்லை. தமிழ்ப் பேச்சோ இவ்வாய்வுக்கு மிகச் சிறந்த உரைகல். ல, ள, ழ என்னும் மூன்றும் நாவின் நிலையால் வேறுபடுவன. நா வளைந்து மேனோக்குங்கால் வாயறையின் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்கின்றது. அத்தாழ்வே ழகரத்தின் அடையாளம். 'பசி', 'காசு' என்னும் சொற்களில் வரும் சகரத்தின் உரசொலியோ பெரும்பாலும் 4,000 எர்ட்சுக்கு மேலே உள்ளது. தெளிவாகப் பேசும் ஒருவர் உரையைக் கேட்க. வலை, வளை, வாழை என்பன ஒன்றோடொன்று மயங்காமல், சகரம் மழுங்காமலும் கூர்ந்து குத்தாமலும் ஒலிக்குமாயின் அக்கருவியின் நடுப்பகுதியும் மேற்பகுதியும் செம்மையாக உள்ளன எனக் கொள்ளலாம். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருப்பின் அதனை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க.

அடுத்து மத்தளம் கேட்க. மிருதங்கம் என இன்று வழங்குவது அது. தோற்கருவிகள் பொதுவாக ஒன்றோடொன்று இயையாத மேலதிர்வுகளையே எழுப்புவன. மத்தளத்தின் வலந்தலையிலோ நடுவில் இட்ட கரணையின் எடையால் மேலதிர்வுகள் நரம்புக் கருவியிற் போல இயைந்து நிற்கின்றன. இதனைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த அறிவியலறிஞர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' என்னும் ஆங்கில இதழில் எடுத்துக்காட்டினார். ஆகவே வலந்தலையின் ஒலியில் சுருதி கேட்டல் வேண்டும். இடந்தலையின் ஒலி ஆழ்ந்திருத்தல் வேண்டும்; ஆயினும் பாடகர் குரலை மூடலாகாது. இற்றைக் கருவிகள் பல தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே மிகைப்படுத்துகின்றன. முதற் கேள்வியில் அது வீறுடையது போலத் தோன்றும். மறுநாள் சலிக்கும். உப்பு மிக்க கறி முதற் கவளத்தில் மட்டுமே சுவைக்கும் என்பதை அடுக்களை அறிந்தோர் அறிவர்.

காதினுள் இடும் கருவியைத் தூய்மை கருதிக் கடையார் திறந்து காட்டமாட்டார். அந்நிலையில், திருப்பி ஏற்றுக்கொள்ளும் இடத்தில் வாங்குவதே அறிவுடைமை. வாங்கிய பின்னும், பெரும்பாலான கருவிகளுக்குரிய செயலியில் தாழ்ந்த ஒலி, நடு ஒலி, மேலொலி ஆகியவற்றைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். குறைப்பதே முதற் கடமை, கூட்டுவது பின்னர்.

இரைச்சலை இரைச்சலால் அடக்கல்

முள்ளை முள்ளால் எடுப்பது போல ஒலியை ஒலியால் அடக்கும் நுட்பம் ஒன்றுண்டு. வெளியிலிருந்து வரும் இரைச்சலைச் சிறு ஒலிவாங்கி ஏற்கும். கருவி அதற்கு நேரெதிரான அலையை உடனே எழுப்பும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்ப, அமைதி விளையும். இக்கருத்துக்குச் செருமானியரான பவுல் இலூகு 1936-இல் அமெரிக்க உரிமைச் சான்று பெற்றார். வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற தந்தைக்குப் பிறந்த அமர் போசு, 1978-இல் சூரிக்கிலிருந்து பாசுட்டன் செல்லும் வானூர்தியில், பொறியின் இரைச்சலால் இசை கேட்க இயலாமை கண்டு, ஆங்கேயே இதற்குரிய கணக்கைத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் வானோடிகளுக்கும், 2000-இல் பொதுமக்களுக்கும் இத்தகைய கருவியை அளித்தது.

இந்நுட்பம் எல்லா ஒலியையும் அடக்கும் என எண்ணற்க. பொறியின் முழக்கம், மின்விசிறியின் ஓசை, தொடர்வண்டியின் உருளொலி போன்ற தாழ்ந்து இடையறாது வருவனவற்றையே அது நன்கடக்கும். அருகிற் பேசுவோர் குரலையும் திடுமென எழும் ஒலியையும் அத்துணை அடக்காது. அவற்றைத் தடுப்பது செம்மையான அடைப்பே. இதன் பெரும்பயன் இசையின்பம் மட்டுமன்று. இரைச்சல் மிக்க பேருந்தில், இசை கேட்போன் அவ்விரைச்சலையும் மிஞ்சுமாறு உரப்பைக் கூட்டுகின்றான். இரைச்சல் அடங்கினால் உரப்பும் தாழும், செவி காக்கப்படும். நாள்தோறும் நெடுவழி செல்வோர்க்கு இது வீண் செலவன்று. அமைதியான வீட்டில் மட்டும் கேட்போர்க்கு இதன் தேவை குறைவு. தெருவில் நடக்கும்போதும் ஊர்தி ஓட்டும்போதும் இதனைப் பயன்படுத்துதல் உயிர்க்கு இறுதி தேடுவதாகும் என்பதைத் தனியே கூறவேண்டுவதில்லை.

கம்பியின்மையின் குறைகள்

கம்பியைத் துறந்தோர் அதனோடு சிலவற்றையும் துறந்தனர். முதலாவது காலத்தாழ்வு. சுருக்கவும் அனுப்பவும் விரிக்கவும் நேரம் செல்கின்றது. பத்தில் ஒரு பங்கு நொடி முதல் கால் நொடி வரை ஒலி பின்தங்கும். படம் பார்க்கையில் கைப்பேசி படத்தையும் தாழ்த்தி இணைத்துவிடும். ஆயின் தாளத்தோடு பாடிப் பயில்வோர்க்கும் கருவி மீட்டித் தன் ஒலியைத் தானே கேட்போர்க்கும் இது பெருந்தடை. தாளம் ஒருபுறமும் பாட்டு ஒருபுறமுமாய் நிற்கும். அத்தகையோர் கம்பியுள்ள கருவியையே கொள்க.

இரண்டாவது, பேசும்போது நேரும் வீழ்ச்சி. ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் பழைய புளூடூத்து முறை இருவழிப் பேச்சுக்கென வேறு வழிக்கு மாறும். அவ்வழியில் நொடிக்கு 8,000 அல்லது 16,000 கூறுகளே செல்லும்; இரு செவிக்கும் ஒரே ஒலி. 8,000 கூறு எனின் 4,000 எர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி முற்றும் இழக்கப்படும். முன்னர்க் கூறிய சகரத்தின் உரசொலி போவது இதனாலேயே. கணிப்பொறி வழியே பாடம் கேட்கும் மாணவர் பலர், 'காலையில் நன்றாயிருந்த கருவி இப்பொழுது கெட்டுவிட்டது' என்று வருந்துவர். கெடவில்லை. பேசுதற்குக் கணிப்பொறியின் ஒலிவாங்கியையும், கேட்டற்கு மட்டும் காதொலிப்பானையும் அமைத்துக்கொண்டால் தரம் மீளும். 2020-இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூடூத்து ஒலிமுறை இக்குறையைப் பெரிதும் களைய வல்லது; ஆங்கும் இரு முனையும் ஒத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இடையறவு. புளூடூத்து அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுடையது. வீட்டின் இணைய அலையும் நுண்ணலை அடுப்பும் அப்பகுதியிலேயே இயங்குவன. நெரிசலைத் தவிர்க்க அது 79 தடங்களில் நொடிக்கு 1,600 முறை தாவிச் செல்கின்றது. எனினும் அவ்வலையை நீர் உறிஞ்சும். மாந்தன் உடல் பெரும்பகுதி நீரே. கைப்பேசியைப் பின்பையில் வைத்து ஒலி அறுகின்றது என்போர் அதனை மேற்பைக்கு மாற்றிப் பார்க்க.

மின்கலமும் வாழ்நாளும்

நல்ல கம்பியுள்ள கருவி இருபதாண்டு உழைக்கக் காணலாம். கம்பியற்றதன் வாழ்நாளோ அதன் மின்கலத்தின் வாழ்நாளே. இலித்தியம் மின்கலம் சில நூறு முறை மின்னேற்றம் பெற்றபின் தளரும். காதினுள் இடும் சிறு கருவிகளில் அது பசையிட்டு அடைக்கப்பட்டிருத்தலின், மாற்ற இயலாமல் முழுவதையும் எறிய நேர்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல விதி, 2027 பிப்பிரவரி 18 முதல், இத்தகைய கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்ற இயலுமாறு அமைக்கப் பணிக்கின்றது. இது நன்னெறி. வாங்குவோரும் தம்மளவில் மூன்றை நோக்குக: மின்கலம் மாற்ற இயலுமா, காதுமெத்தை தனியே கிடைக்குமா, வேண்டுங்கால் கம்பியும் செருக இயலுமா. இம்மூன்றும் உடையது பெட்டியின் மேலுள்ள நாற்பது மணி நேரத்தினும் மதிப்புடையது.

பேணுதலும் வேண்டும். கடும் வெயிலில் நிற்கும் ஊர்தியினுள் கருவியை விட்டுச் செல்லற்க. வெப்பம் மின்கலத்துக்குப் பகை. ஒரு பக்க ஒலி மெலிந்தால் பழுதென முடிவு செய்யுமுன், வலைத்துளையிற் காதழுக்கு அடைத்துள்ளதா எனக் கண்டு, உலர்ந்த மென்தூரிகையால் துடைக்க. பிறர் காதிலிட்டதைத் தன் காதிலிடுதல் தூய்மையன்று.

செவிக்கு மாற்று இல்லை

இனி, எல்லாவற்றினும் தலையாயது. செவியின் உள்ளே நத்தைக்கூடு போன்ற சுருளில், ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 உள்ளன. மாந்தர்க்கு அவை பிறப்பில் அமைந்தனவே. அழிந்தவை மீண்டும் முளையா. மிகை ஒலியால் அவை சிறிது சிறிதாக அழியும். முதலிற் போவது மேலொலி. பின்னர் நெரிசலில் பேச்சு விளங்காது. பின்னர் அமைதியிலும் காதினுள் ஓர் இரைச்சல் ஓயாது நிற்கும். நோவில்லாமல் நிகழ்வதால் இவ்வழிவை எவரும் உடனே உணரார்.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018-இல் ஓர் அளவை வகுத்தன. அகவை நிரம்பியோர் 80 தெசிபல் உரப்பில் ஏழு நாளைக்கு 40 மணி நேரம் கேட்கலாம். உரப்பு 10 தெசிபல் கூடினால் செவியை அடையும் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகலின் 90 தெசிபலில் 4 மணி நேரமே. 100 தெசிபலில் அரை மணி நேரமும் இல்லை. கைப்பேசிகள் பல, கேட்ட உரப்பையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுகின்றன; மேலெல்லை வகுக்கவும் இடம் தருகின்றன. பிள்ளைகளுக்குக் கருவி வாங்கித் தரும் பெற்றோர், அவ்வெல்லையை வகுத்துத் தந்தபின்பே அதனைக் கையில் தருதல் வேண்டும். உரப்பை முழுமையில் ஐந்தில் மூன்று பங்குக்குள் நிறுத்துவதும், மணிக்கு ஒருமுறை கழற்றிச் செவிக்கு ஓய்வளிப்பதும் எளிய பழக்கங்கள். எட்டத்தில் நிற்போர் செவிக்கும் ஒருவன் கேட்கும் இசை எட்டுமாயின், அவன் தன் செவியைத் தானே அழித்துக்கொள்கின்றான் என்பதிற் பெரும்பாலும் ஐயமில்லை.

நல்ல காதொலிப்பானுக்கு ஒரு சான்று உண்டு. உரப்பைத் தாழ்த்தியபோதும் அதில் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஒவ்வொரு நரம்பும் தனித்து நிற்கும். தாழ்ந்த உரப்பில் நிறைவு தராத கருவி, மேலும் மேலும் கூட்டத் தூண்டிச் செவியைக் கெடுக்கும். ஆகவே தரமான ஒலியை நாடுதலும் செவியைக் காத்தலும் இரு வேறு நோக்கங்கள் அல்ல, ஒன்றே.

காதிற் பொருந்துக, குரல் விளங்குக, இரு முனையும் ஒத்திருக்க, மின்கலம் மாறுக, உரப்புத் தாழ்க. இவ்வைந்தும் அமைந்த கருவி எவ்விலையதாயினும் நன்று. இவை அமையாதது எப்பெயர் தாங்கினும் வேண்டா. பழுதுற்ற காதொலிப்பானை எறிந்துவிட்டு மற்றொன்று வாங்கலாம். பழுதுற்ற செவிக்கு மாற்றுச் செவி எந்தக் கடையிலும் இல்லை.